கொட்டை அரைக்கும் சத்தம்

– அந்தக் காபி கிரைண்டரத் தூக்கிட்டு மறுபடியும் எங்க போறீங்க?

– பாத்ரூமுக்குத்தான். மிஷின் வாங்க வர்றவரு காபி போட்டுக் காட்டச் சொல்லியிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள கொட்டைய அரைச்சு வெச்சிடறேன்.

– காபி மிஷின் இங்க சமையல்கட்டுல இருக்கு. கொட்டை அரைக்கிறது மட்டும் கீசர் பக்கத்துலயா?

– கதவச் சாத்திட்டுப் போம்மா.

– துண்டு வேற சுத்தியிருக்கீங்க. அதுக்கென்ன குளிரா?

– சத்தம் வெளிய கேக்கும்ல.

– கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். பாப்பா போயி வருஷம் ஒண்ணு ஆகப் போகுது. இந்த வீட்ல இப்ப யாருங்க தூங்கறா?

– பழகிப்போச்சு. விடேன்.

– அவ இருந்தப்ப செஞ்சீங்க, சரி. உங்க தம்பி வந்தப்ப என்ன சொன்னாரு? "அண்ணி, அண்ணன் உள்ள சுவத்தையா இடிக்கிறாரு?"ன்னாரு. விழுந்து விழுந்து சிரிச்சோம்.

– பின்ன என்ன பண்றது? இடி விழுந்தாலும் தூங்குவா, இந்தக் கொட்டை அரைக்கிற சத்தம் மட்டும் ஆகாது அவளுக்கு. வீல்னு ஒரு கத்து கத்துவா பாரு, மேல் வீட்டுக்காரங்க இறங்கி வந்துடுவாங்க.

– சரி, இன்னிக்கு இங்க வெச்சே அரைங்க. என் கண்ணு முன்னால. ஒரே ஒரு தடவ.

– என்னால முடியாது.

– மிஷினக் குடுத்துட்டா முடிஞ்சிடுமா? நாளைக்குக் காலைல எழுந்து எத எடுத்துட்டு பாத்ரூமுக்குள்ள போய் நிப்பீங்க?

– அது இந்த வீட்ட விட்டுப் போனாப் போதும் எனக்கு.

– ஆசையா வாங்கினது. தூளு மட்டமா அமுக்கல, தண்ணி வேகமா இறங்குதுன்னு ஒரு மாசம் என் உயிர வாங்கினீங்க. கசப்பா, புளிப்பா, கருகலா எத்தன கப்பு குடிச்சிருப்பேன் உங்களுக்காக.

– இப்ப பதமாத்தான் வருது. வாயில வெச்சா இறங்க மாட்டேங்குது. சிங்க்ல கொட்டிடறேன்.

– தெரியும். சிங்க்கக் கழுவறது யாரு?

– பின்ன எதுக்கு என்னைப் போட்டுக் கிளறுற?

– ராத்திரியெல்லாம் கூரையப் பாத்துட்டுப் படுத்திருக்கீங்க. காலைல பூட்டிக்கிட்டு உள்ள நிக்கறீங்க. இப்படியே போனா உங்களையும் நான் பறிகொடுத்துடுவேன். மனசுல இருக்கறத சொல்லித் தொலைங்களேன்.

– அன்னிக்கு நான் இங்கதான் அரைச்சேன்.

– தெரியும்.

– கீசர் பிளக்கப் பிடுங்கி மாட்டணும், அதுக்கு ஒரு சோம்பேறித்தனம். இங்கயே போட்டேன். சத்தத்துக்கு அவ எழுந்துக்கல. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அப்பாடா, பொண்ணு இன்னிக்கு சமத்தாத் தூங்குதுன்னு நினைச்சேன். ஒரு எட்டு வந்து பாக்கல. உனக்கும் சேத்து இன்னொரு தடவ அரைச்சேன். பால நிதானமா நுரைக்க வெச்சேன். ஜன்னல் பக்கம் நின்னு ரசிச்சுக் குடிச்சேன். அப்புறந்தான் உன் கப்ப எடுத்துட்டு வந்தேன். அவ உன் நெஞ்சு மேல கிடந்தா. நீ என்னைப் பாத்த பாரு, அந்தப் பார்வை.

– தூக்கத்துலயே போயிட்டான்னு டாக்டர் சொன்னாரே.

– எப்பன்னு சொல்ல முடியலையே அவரால. சத்தத்துக்கு எழுந்துக்கலன்னதும் வந்து தூக்கியிருந்தா, மூச்சு இருந்திருக்குமோ என்னமோ. நாலு தெரு தாண்டினா ஆஸ்பத்திரி. நான் காபி குடிச்சிட்டு நின்னேன்.

– உங்க மேல தப்பு இல்லைங்க.

– எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஆறுதலுக்கு.

– நான் ஆறுதலுக்குச் சொல்லல.

– பெல் அடிக்குது. அவரு வந்துட்டாரு போல.

– அடிக்கட்டும். அதக் கீழ வெச்சிட்டு உக்காருங்க. நீங்க அரைக்கறதுக்கு முன்னாலயே நான் முழிச்சிட்டேன். பால் குடுக்கலாம்னு அவளத் தொட்டேன். சில்லுன்னு இருந்தா.

– என்ன சொல்ற நீ?

– உங்க சத்தம் அதுக்கப்புறந்தான் வந்துச்சு.

– அப்பவே தெரியுமா உனக்கு? ஒரு வருஷமா நான் செத்துட்டிருக்கேன், பாத்துட்டா இருந்த? ஏன் என்னைக் கூப்பிடல அன்னிக்கு?

– கூப்பிடத்தான் வாயத் திறந்தேன். நீங்க சமையல்கட்டுல ஏதோ பாட்ட முணுமுணுத்துக்கிட்டு இருந்தீங்க. நீங்க சந்தோஷமாக் குடிக்கப் போற கடைசிக் காபி அதுதான்னு எனக்குப் பட்டுச்சு. அவள நெஞ்சுல போட்டுக்கிட்டு, நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் சத்தம் போடாமப் படுத்திருந்தேன்.