இருநூத்திப் பன்னெண்டோட ரெட்டைக் குட்டி

கையுறைய மாட்டிக்கிட்டு தொடு தம்பி. ஆமா, ரெண்டு கைக்கும். மூக்க ஏன் பொத்துற, மூக்கு வழியா வராது இந்த நோய். ஆடு குட்டி போடும்போது விழுற நஞ்சுக்கொடியிலதான் கூடியிருக்கும். மத்த ஆடு அத நக்கும், தின்னும், அப்படியே பரவும். மனுசனுக்கு வராதுன்னுதான் சொல்றாங்க. சொல்றவங்க யாரும் இந்த ஷெட்டுல ஒரு நாள் முழுசா நின்னதில்ல, அது வேற விஷயம்.

லாரிய அங்கேயே நிறுத்து. முப்பத்தெட்டு உருப்படி. எரிக்கிற எடத்துக்குத்தானே, தெரியும். அவசரப்படாத, ஆபீஸ்ல சீட்டு எழுத அரை மணியாகும். நாலு வரி எழுத மூணு பேரு வேணும் அங்க.

நோயா? எல்லாத்துக்கும் இல்ல. பாதிக்குக்கூட இல்ல. அந்தா வேலியில முதுகத் தேச்சுக்கிட்டு நிக்குதே, முடி கொட்டிப்போயி, அதுக்கு இருக்கு. மூளைக்குள்ள ஏதோ ஒரு புரதம் கோணலா மடங்கிப்போச்சாம். நேரா இருக்கிற வரைக்கும் அதே புரதம் எல்லா ஆட்டுக்குள்ளயும் இருக்குமாம், அத உண்டாக்க ஒரு ஜீன் இருக்காம். நஞ்சுக்கொடியில அந்த ஜீன் எந்த எடத்துல எவ்வளவு வேலை பாக்குதுன்னு கண்டுபிடிக்க ஒரு டாக்டர் ஆறு வருஷம் இங்க இருந்தான். வைத்தியம் பாக்குற டாக்டர் இல்ல, படிச்சு வாங்கின டாக்டர். ஆட்டுக் கால நேரா பிடிக்கத் தெரியாது. குட்டி வர்றப்ப கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு வந்துச்சா வந்துச்சான்னு கேப்பான், என்னமோ அவன் பொண்டாட்டி உள்ள கெடக்குற மாதிரி. உள்ள முழங்கை வரைக்கும் விட்டு இழுக்குறது நான்.

கொடி விழுந்த ஒடனே எடுக்கணும், இல்லன்னா தாயே தின்னுடும். அதுல பொத்தான் பொத்தானா சதை இருக்கும், அத அறுத்து, நம்பர் எழுதி ஐஸ்ல வைக்கணும். இவன் தாயோட நம்பர மட்டும் எழுதுவான். நான் சொன்னேன், சார், கொடி குட்டியோட சேந்தது, ரெட்டையாப் பொறந்தா ஆளுக்கு ஒண்ணு, குட்டி நம்பரையும் எழுதுங்கன்னு. ஒரு பார்வை பாத்தான் பாரு. மறுவாரம் அவனே கண்டுபிடிச்ச மாதிரி அதையே எனக்குப் பாடம் நடத்துறான். மூணாங்கிளாஸ் படிச்சவன் கையக் கட்டிக்கிட்டுக் கேட்டேன்.

இருநூத்திப் பன்னெண்டுன்னு ஒரு ஆடு, நோய் பிடிச்சது. ரெட்டைக் குட்டி போட்டுச்சு. ஒரு குட்டியோட கொடி முழுக்க நோய், இன்னொண்ணுல துளிகூட இல்ல. அந்தக் குட்டி அப்பன்கிட்டருந்து வாங்கின ஜீன் வேறயாம், நோய உள்ள விடாதாம். ஆறு வருஷத்துக்கும் சேத்து அவனுக்குக் கெடச்சது அது ஒண்ணுதான்.

பெரிய ஆளுங்க பாக்க வந்தாங்க. போட்டோ எடுத்தாங்க. ஆட்டப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான். குனிஞ்சுக்கோ, உன் தலை மறைக்குதுன்னான் டாக்டரு. என் மகன விடச் சின்னவன். ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கு, போய்ப் பாரு. ஆட்டுக் கழுத்துல ரெண்டு கை மட்டும் தெரியும்.

அப்புறம் அந்தப் பெரிய ஆளுங்கள்லயே ஒருத்தன் கெளப்பிவிட்டான், ஒரே வயித்துல எப்படி ரெண்டு மாதிரி, கொடி கலந்துபோயிருக்கும்னு. கமிட்டி போட்டாங்க. அஞ்சு பேரு, ஒருத்தனுக்கும் கொடி எந்தப் பக்கம் ஒட்டியிருக்கும்னு தெரியாது. ரெண்டு கொடியும் ஒரே வாளியில கெடந்துச்சுன்னு முடிவாச்சு. ஆராய்ச்சிய மூடிட்டாங்க. மூடினப்புறம் நோய் ஆட்ட யாரு வச்சுக்குவா, அதான் உன்னக் கூப்பிட்டாங்க. அந்த டாக்டரு இப்ப எங்கயோ மாட்டுத் தீவனம் விக்கிறானாம். விக்கட்டும்.

சீட்டு வந்துடுச்சா, சரி. பலகையச் சாய்ச்சுப் போடு. அந்தச் சொறியுறத மொதல்ல ஏத்து, அது போனா மத்தது பின்னாலயே போகும்.

இதுவா? இது போகாது, மொரண்டு. அந்த ரெட்டையில ரெண்டாவது இதுதான். ஒதுங்காத, தாராளமாத் தொடு, இதுக்கு ஒண்ணுமில்ல. எப்படித் தெரியும்னா? ரெண்டு வாளிய்யா. பச்சை ஒண்ணு, செவப்பு ஒண்ணு. கொடியப் பிடிச்சவன் நான்ல. ஒரே வாளின்னு கமிட்டியில சொன்னவனும் நான்தான். சொல்றதுக்கு முந்தி டாக்டரு என் பக்கம் திரும்பி, அண்ணே, நீங்களே சொல்லுங்கண்ணேன்னான். ஆறு வருஷத்துல அன்னிக்குத்தான் அண்ணேங்கிறான்.

நீ முன்னங்காலப் பிடி. நான் பின்னாலருந்து தள்ளுறேன்.