தையல் டீச்சரின் கையெழுத்து

சந்திரமோகன்: …அட, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? உக்காரும்மா சுசித்ரா.

சுசித்ரா: தாளாளர் ரூம்ல எனக்கு நாற்காலியா! ரெண்டு வருசமா இல்லாத மரியாதைங்க சார்.

சந்திரமோகன்: கிண்டலு… சரி, இதுல ஒரு கையெழுத்துப் போடு. அடியில 'பள்ளி உளவியலாளர்'னு எழுதிக்க.

சுசித்ரா: நான் தையல் டீச்சர்ங்களே?

சந்திரமோகன்: அது ரிஜிஸ்டருக்கு. பெங்களூர் ஸ்கூல்ல பசங்களுக்குக் கவுன்சலிங் பாத்தவதானே நீ?

சுசித்ரா: அந்த லைசென்ஸ் ஓசூர் தாண்டுனா செல்லாதுன்னீங்க. ரெண்டு மாநிலமும் ஒப்பந்தம் போடட்டும், அப்புறம் பாக்கலாம்னீங்க.

சந்திரமோகன்: காவேரித் தண்ணிக்கே ஒத்துப்போவல, உன் லைசென்ஸுக்கா…

சுசித்ரா: அப்ப இந்தக் கையெழுத்து மட்டும் எப்படிங்க செல்லும்?

சந்திரமோகன்: கல்யாணத்த விசாரிக்க வர்ற ஆபீசருக்கு அதெல்லாம் எங்க தெரியும்? பத்தாவது காவியா மனசு சரியில்லாத புள்ள, இல்லாததெல்லாம் சொல்லும்… அவ்வளவுதான் எழுதியிருக்கு.

சுசித்ரா: அப்படிப்பட்ட புள்ளைய ஏங்க சார் ஒருத்தர் கட்டிக்கணும்?

சந்திரமோகன்: மனசு சரியில்லங்கிறது காயிதத்துலதானே…

சுசித்ரா: பதினஞ்சு வயசு சார் அவளுக்கு! கல்யாணம் வேணாம், படிக்கணும்னு என் மிஷின் பக்கத்துல உக்காந்து அழுதா. அன்னைக்கே உங்ககிட்ட வந்து சொன்னேன்.

சந்திரமோகன்: நீ யாரு அதச் சொல்ல? ஊசி நூலைப் பாரு.

சுசித்ரா: அப்பவும் இதேதான் சொன்னீங்க.

சந்திரமோகன்: எவனோ புகார் குடுத்துட்டான்மா. அவங்கப்பன் மானம் போவுது.

சுசித்ரா: அவங்கப்பாவுக்காகவா சார் இவ்வளவு பாடு?

சந்திரமோகன்: பின்ன யாருக்கு?

சுசித்ரா: …ஒண்ணுமில்லைங்க.

சந்திரமோகன்: போட்டுட்டா உனக்குத் தனி ரூம், வாசல்ல போர்டு. இல்லைன்னா இந்த மாசத்தோட நின்னுக்க. உன் வூட்டுக்காரருக்கு வேலை போனது மாரண்டஹள்ளிக்கே தெரியும்.

சுசித்ரா: அந்தப் போர்டுக்கு எவ்வளவு ஏங்கியிருக்கேன்… இப்ப நெனச்சா அருவருப்பா இருக்குது சார்.

சந்திரமோகன்: அழுவாத. இந்தா பேனா.

சுசித்ரா: வேணாங்க. நேத்து சாயங்காலம் வூட்டுக்குப் போவல, தர்மபுரி பஸ் ஏறினேன். குழந்தைங்க பாதுகாப்பு ஆபீஸ்ல அந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டது நான்தான்.

சந்திரமோகன்: நீயா! எந்த லைசென்ஸ வெச்சு?

சுசித்ரா: தையல் டீச்சர்னு போட்டேன். யாரும் லைசென்ஸ் கேக்கல சார். மாப்பிள்ளை யாருன்னுதான் கேட்டாங்க… உங்க பையன் பேரைச் சொன்னேங்க.