சவரிமுத்து அண்ணையின் மணி

தலைமைக் கதிரையைத் தம் பெருமையால் நிறைத்திருக்கும் மகேந்திரராஜா அவர்களே! முன்வரிசையில் முறுவலித்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை முகத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மாரே! மனத்தைக் கொத்துரொட்டிக்கு அனுப்பிவிட்டு உடலை மட்டும் இங்கே இருத்தியிருக்கும் பின்வரிசை நண்பர்களே! மல்கிரேவ் மண்டபம் நிறைந்த உங்கள் அனைவருக்கும் இந்தக் குணசீலனின் கனிந்த வணக்கம்.

பத்து ஆண்டுகளாக இம்மேடையில் பேசி வருகிறேன். ஒரு பேச்சையாவது முடித்திருக்கிறேனா? முடிக்க விட்டாரா நம் நேரக்காப்பாளர் சவரிமுத்து அண்ணை? ஐந்து நிமிடம் ஆனால் அவருடைய பித்தளை மணி அடித்துவிடும். அமைச்சர் என்றாலும் மணி; ஆயர் என்றாலும் மணி! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நறுக்கப்பட்டது என் பேச்சல்லவா?

அந்த மணி சென்ற ஆண்டு நம் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் அவருடைய சொந்த மகளுக்கே அடித்தது. கணக்கியல் படிக்க லண்டன் போன நம் பேர்ள், சாக்ஸபோனைக் கையிலெடுத்து ஜாஸ் கலைஞராகிவிட்டாள். "இந்த இரைச்சலுக்கோ பிள்ளையை அனுப்பினனான்?" என்று தகப்பன் நான்கு ஆண்டுகள் மகளோடு பேசவில்லை. அப்பா ஒருமுறை கேட்டால் போதும் என்று, இரண்டு நண்பர்களோடு அவள் அந்த விழாவுக்குப் பறந்து வந்தாள்.

அது என்ன இசை? இங்கிலாந்தின் இளையோர் இன்று வாசிக்கும் ஜாஸ். ஓடித் திரியாமல் ஒரே சுரவரிசையில் குடியிருந்து, அதையே சுற்றிச் சுற்றிச் செபமாக உயர்த்தும் இசை. செபமாலை சொல்லும் நமக்கு அது அந்நியமா? ஆலாபனையில் அமிழும் நமக்கு அது அந்நியமா? ஆனால் செபத்துக்கு ஐந்து நிமிடம் போதுமா?

ஐந்தாவது நிமிடம் மணி அடித்தது. மண்டபம் திகைத்தது. பேர்ள் நிறுத்தவில்லை. கண்களை மூடியபடியே மணியின் சுரத்துக்கு இறங்கி, அதையே நீட்டி வாசித்தாள். மகளுக்குக் கேட்கவில்லையோ என்று அண்ணை மறுபடி அடித்தார். மறுபடியும் அதே சுரம் சாக்ஸபோனில் எழுந்தது. பிறகு பேர்ள் கண்களைத் திறந்தாள். வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்துவிட்டுத் தகப்பனையே பார்த்து நின்றாள். அவளோடு வந்த நண்பர்களில், பாஸ் கிற்றார் வாசித்த டெஸ்மன்ட் மட்டும் மெல்ல மீட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணை என்ன செய்தார்? மணியைக் கீழே வைத்தாரா? எழுந்து போனாரா? இல்லை, உறவுகளே, இல்லை! மெதுவாக, மிக மெதுவாக, ஒருமுறை அடித்தார். நிறுத்தச் சொல்லி அல்ல, தொடரச் சொல்லி அடித்தார்! அதன்பின் பதின்மூன்று நிமிடம் மகள் வாசித்தாள், அவள் தலையசைத்த போதெல்லாம் தகப்பன் மணி அடித்தார். கொத்துரொட்டி ஆறிப்போனது, ஒருவரும் எழும்பவில்லை. ஓம், அன்னம்மா அன்ரி, நீங்கள் அழுததையும் பார்த்தேன்!

கார் நிறுத்துமிடத்தில் அண்ணை மகளிடம் கேட்டார்: "பிள்ளை, பிழையா அடிச்சுப்போட்டனோ?"

"இல்லை அப்பா. நீங்கள் அடிக்குமட்டும் காத்துக்கொண்டு நிண்டனான்."

நான்கு ஆண்டு மௌனம் அங்கே முடிந்தது. பக்கத்துக் காரில் இருந்த நான், அவர்கள் பேசி முடியும்வரை காரைக் கிளப்பவில்லை.

இன்று பேர்ள் குழுவினரின் முழுக் கச்சேரி. நேரக்காப்பாளரின் கதிரை காலியாக இருக்கிறது, பாருங்கள். அண்ணை எங்கே? திரைக்குப் பின்னால், மகளுக்குப் பக்கத்தில், மணியோடு! ஆகவே இன்றுதான் என் பேச்சை நிறுத்த எவருமில்லை. ஒரு மணி நேரம் பேசட்டுமா? இந்த இசையின் வரலாற்றை ஆதியிலிருந்து...

கேட்டதா? அடித்துவிட்டார்!

அதோ, பேர்ளும் அந்தச் சுரத்தைப் பிடித்துவிட்டாள். அண்ணை, முதல்முறையாக மனநிறைவோடு உங்கள் மணிக்கு அடங்குகிறேன். இதுவரை எனக்குத் தந்த செவிகளை இனி அவர்களுக்குத் தாருங்கள். உங்கள் பொறுமைக்கு நன்றி, தகப்பனுக்கும் மகளுக்கும் என் வணக்கம்!