இரும்பு முள்ளங்கி

அன்று விறகு மண்டியில் இருந்தவர்கள்:
என் அக்கா யுவராணி.
அக்காவின் கணவர் சிவக்குமார். மண்டி அவருடையது.
தர்மபுரியில் கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்யும் நூர் பாஷா. விறகு எடுக்க வந்தவர்.
விறகுக்கட்டு கட்டும் சாலம்மாள்.
அக்காவின் தம்பி அருள்குமார், அதாவது நான்.

ஐயா, நீங்கள் அன்று ஸ்டேஷனிலிருந்து வந்து எழுதிக்கொண்டு போன வரிசை இதுதான். என் பெயரைக் கடைசியில் போட்டீர்கள். சுவரோரம் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன் என்று நானாகவே சொன்னேன். அதற்கு மேல் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

எதையும் சோதித்துப் பார்க்காமல் எனக்கு ஆகாது. தேன் வாங்கினால் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். பூட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பேன். அக்கா அப்படி இல்லை. சாவியைத் திருப்பிவிட்டு அப்படியே நடந்துவிடுவாள். “பூட்டுனா பூட்டுனதுதான்டா, அத வேற சந்தேகப்படணுமா?” என்பாள். அவள் போனபின் நான் போய் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். மாமா இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். “மாப்ள தண்ணி குடிச்சாக்கூட ஈரமா இருக்குதான்னு தொட்டுப் பாத்துட்டுதான் குடிப்பான்” என்று வருகிறவர்களிடம் சொல்லுவார்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் பிரிவில் நைட் ஷிப்ட் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டு வந்தேன். ஏன் என்று பலர் கேட்டுவிட்டார்கள். பகலில் தூங்குகிறவனுக்கு ஊரின் பேச்சு முழுவதும் காதில் விழும், ஆனால் பாதிதான் விழும். பாதிப் பேச்சைக் கேட்டால் மீதியை நாமேதான் போட்டு நிரப்ப வேண்டும். எனக்கு அது ஒத்துவரவில்லை. மாரண்டஹள்ளிக்கு வந்து அக்கா வீட்டில் தங்கினேன். மண்டியின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மாமா கோடாலியைக் கையில் கொடுத்தார். கட்டை பிளந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்கு அந்த இடம் போதும். அதைவிட்டால் போக வேறு இடமும் இல்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மதியம் கட்டிலில் படுத்திருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் மாமா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“மிஷினு வந்துரட்டும் பாய். வந்த அன்னைக்கே அந்தக் கோடாலிக் காம்பக் கழட்டித் தூக்கிப் போட்டுடறேன். யுவராணி கிட்டயும் சொல்லிட்டேன்.”

லாரி ஒன்று போனது. அதற்குப் பிறகு பேசியது கேட்கவில்லை.

கோடாலிக் காம்பு என்று யாரைச் சொல்லுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மரத்திலிருந்தே வந்து மரத்தையே வெட்டுவது. கூட இருந்து குடும்பத்தைக் கெடுப்பவன். நான் அவர்கள் வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கெடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் வந்துவிட்டது. மிஷின் வந்தால் நான் போக வேண்டும். அக்காவுக்கும் தெரியும். அன்று சாயங்காலம் அக்கா எனக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டாள். ஏன் போடுகிறாள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மிஷின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மரை போட்ட இரும்புக் கூம்பு. மோட்டாரின் முனையில் மாட்டினால் சுழலும். கட்டையைப் பிடித்து அதில் அழுத்தினால் திருகிக்கொண்டே உள்ளே போய்க் கட்டையை இரண்டாகப் பிளந்துவிடும் என்று போனில் விளம்பரம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டே பிளப்பான். மாமா அதை ஊருக்கே காட்டினார். பார்சல் பிரித்ததும் சாலம்மாள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னாங்க இது, இரும்பு முள்ளங்கி. சாம்பார் வெச்சா வேகுமா?” என்றாள். அதிலிருந்து அதற்கு அந்தப் பெயர்தான்.

பழைய சோளத்தட்டு வெட்டும் மிஷினின் மோட்டாரைக் கழற்றி, மேஜை செய்து, அதில் முள்ளங்கியைப் பொருத்தினார்கள். வெள்ளிக்கிழமை பூஜை போட்டுத் தொடங்குவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே, மாமா பாலக்கோட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், நான் தனியாகச் சோதித்தேன். விளம்பரம் பொய்யாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பொய்யாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன் என்றும் சொல்லலாம். மாங்கட்டையை எவனும் பிளப்பான். முடிச்சு விழுந்த புளியங்கட்டையை எடுத்துவைத்தேன். என் கோடாலி அதில் பலமுறை தோற்றிருக்கிறது. அந்தக் கோடாலியின் காம்பு வேறு வெடித்துப்போய்க் கம்பி சுற்றியிருந்தது. ஓங்கிப் போட்டால் என் உள்ளங்கைதான் கிழியும்.

முள்ளங்கி புளியங்கட்டையை ஒரே அழுத்தில் பிளந்தது.

விளம்பரம் உண்மை. மோட்டாரை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மேஜையோரம் கிடந்த சாக்கு அதில் பட்டது. பட்டதும் போய்விட்டது. கண் இமைப்பதற்குள் கூம்பைச் சுற்றிப் பந்தாகிவிட்டது. மோட்டார் திணறவில்லை, நிற்கவும் இல்லை. லேத்தில் வேலை பார்த்தவனுக்கு இது புதிதல்ல. அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: தொங்குகிற எதையும் சுழல்கிறதன் கிட்டே கொண்டுபோகாதே. விளம்பரத்தில் வந்தவன் அதைச் சொல்லவில்லை.

நான் சோதனையைத் தொடர்ந்தேன். பருத்தித் துண்டைக் காட்டினேன். பிடித்தது, ஆனால் இழுத்தால் கிழிந்துவிட்டது. அக்காவின் பழைய சேலை முந்தானையைக் காட்டினேன், பாலியஸ்டர். அது கிழியவில்லை.

மறுநாள் கடைவீதியில் சரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்று வாங்கினேன். நீளமானதாகக் கேட்டேன். பருத்தியா என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன். இல்லை. “யாருக்குங்க மரியாதை?” என்று கடைக்காரர் கேட்டார். மாமாவுக்கு என்றேன். “மாமனுக்குப் பொன்னாடை போத்தற மச்சினன இப்பத்தானுங்க பாக்கறேன்” என்றார்.

ஆனால் நான் முடிவு எதுவும் எடுத்துவிடவில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மனிதனுக்குப் பொன்னாடை போர்த்துவது குற்றமில்லை. போர்த்திக்கொண்டவன் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். என்னை வேண்டாம் என்று நினைக்கிறவன் நான் போர்த்தியதை எத்தனை நேரம் தோளில் வைத்திருப்பான்? உடனே கழற்றுவான். கழற்றினால் நான் சந்தேகப்பட்டது சரி. நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பேன். அவரும் இருந்திருப்பார். அவரிடமே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா மேஜைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். நூர் பாஷா வேனை விட்டு இறங்கி வந்து முள்ளங்கியைச் சுற்றிப் பார்த்தார்.

“என்னா சிவா, இது நெசமாவே பொளக்குமா? இல்ல, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரனப் பாத்து கட்டைங்க தானா வெக்கப்பட்டு வாயப் பொளந்துதா?”

“நீங்களே பாருங்க பாய். இன்னைக்கே உங்க லோடு முடிஞ்சிரும்.”

“முடியலன்னா உன்னையத்தான் அடுப்புல வெப்பேன். நாளைக்கு ரெண்டு நிக்கா இருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது நான் பொன்னாடையைப் பிரித்தேன். மாமா குனிந்து நின்றார். மேடையில் என்றால் தோளோடு போர்த்துவார்கள். நான் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையும் முன்னால் தொங்கும்படி போட்டேன். யாரும் கவனிக்கவில்லை. நூர் பாஷா கை தட்டினார்.

“என்னா மாப்ள, என்னைய எம்எல்ஏ ஆக்கிட்ட?” என்றார் மாமா. அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. புகையாக இருக்கும் என்று நினைத்தேன். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

நான் சுவிட்சைப் போட்டேன். மாமா கட்டையைத் தூக்கினார்.

அக்காதான் சொன்னாள்: “துண்ட எடுத்து வெச்சுட்டுப் புடிங்க. புதுசு, அழுக்காயிரப் போவுது.”

“இருக்கட்டும் யுவா. மாப்ள ஆசையாப் போத்துனது. போத்துன கையோட எடுத்தா அவன் மூஞ்சி சுருங்கிரும். ஒரு கட்ட பொளந்துட்டு எடுக்கறேன்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கட்டை பிளந்தது. இரண்டு பாதியும் மேஜையின் இரண்டு பக்கமும் விழுந்தன. நூர் பாஷா “அட்ரா!” என்றார். கீழே விழுந்த பாதியைப் பார்க்க மாமா குனிந்தார்.

மற்றது நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். “ஆப் பண்ணு, ஆப் பண்ணு அருளு” என்று அக்கா கத்தினாள். ஆப் செய்தேன். உடனே செய்தேனா என்று நீங்கள் அன்று கேட்கவில்லை. உடனே செய்யவில்லை. ஒரு நல்ல கட்டையைப் பிளக்கிற நேரம் போயிருக்கும். பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேனிலேயே முடிந்துவிட்டது. நூர் பாஷாதான் ஓட்டினார். அவர் சட்டை முழுக்க மஞ்சளும் குங்குமமும்.

இந்தச் சோதனையில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. அவர் துண்டைக் கழற்றவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? பாய் பார்க்கிறார் என்பதற்காக நடித்திருக்கலாம் என்று முடிவுசெய்தேன்.

ஊர் முழுக்க மிஷினைத் திட்டியது. ஏமாற்று மிஷின், எமன் மிஷின், விற்றவன் விளங்குவானா என்றார்கள். நூர் பாஷா கம்பெனி மேல் கேஸ் போட வேண்டும் என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கட்டையைப் பிளக்கும் என்றார்கள், பிளந்தது. அவர்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு பொருளைப் பழிப்பதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உண்மை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

காரியம் முடிந்த மறுநாள் மதியம் அக்கா கொட்டகைக்கு வந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முள்ளங்கியை மேஜையிலிருந்து கழற்றிக் கொட்டகை மூலையில் போட்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பழைய இரும்புக்குப் போட்டுரலாம்டா. கண்ணுல படவே வேணாம்.”

“அது நல்ல மிஷினுக்கா” என்றேன்.

“உனக்குன்னுதான்டா வாங்குனாரு. உன் உள்ளங்கையப் பாத்துப் பாத்து அவருக்குச் சோறு எறங்கல. மிஷினு வந்த அன்னைக்கே அந்தக் கோடாலிக் காம்பக் கழட்டித் தூக்கிப் போட்டுடறேன், பையன் கையக் கிழிக்குதுன்னு பாய் கிட்ட, எங்கிட்ட, எல்லார் கிட்டயும் சொல்லிட்டிருந்தாரு.” அவள் என் கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். “ஆறிடுச்சு” என்றாள்.

கோடாலி சுவரில் சாய்ந்திருந்தது. காம்பில் கம்பி சுற்றியபடியே இருந்தது. அவள் சொல்வது உண்மையாக இருக்கலாம். இறந்தவரைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் சொல்லுவார்கள். அதைச் சோதித்துப் பார்க்க இனி வழி இல்லை.

“மிஷின் மேல பழி போடாதக்கா” என்றேன். “அது துணியச் சுத்தும்.”

“இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுதே.”

“எனக்கு முன்னாடியே தெரியும்.”

அவள் என் கையை விடவில்லை. “எப்படிடா தெரியும்?”

“சோதிச்சுப் பாத்தேன். சாக்கு, பருத்தித் துண்டு, உன் பழைய சேல. பருத்தி கிழிஞ்சிருச்சு. சேல கிழியல. அதனாலதான் பொன்னாடைய அந்தத் துணியில வாங்குனேன்.”

அவளுக்குப் புரியும்படி நிதானமாகத்தான் சொன்னேன். சாக்கிலிருந்து சுவிட்ச் வரை ஒன்றும் விடவில்லை. தகரத்துக்குப் பின்னால் கேட்டதையும் சொன்னேன். என் பக்கத்து நியாயம் அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அவள் அழவில்லை, அடிக்கவில்லை. என் கையை என் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். சுவரில் சாய்ந்திருந்த கோடாலியை எடுத்துக்கொண்டாள். ஒரு நொடி அதைப் பிடித்தபடி நின்றாள். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

நாதாங்கி விழுந்தது. பூட்டு மாட்டினாள். சாவி திரும்பியது. போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் காலடிச் சத்தம் ரோட்டுப் பக்கம் போனது.

எனக்கு வருத்தம் அது ஒன்றுதான் ஐயா. கூடப் பிறந்த தம்பியை அவள் சந்தேகப்பட்டுவிட்டாள்.