ஒரு முறை தட்டினால் தண்ணீர்

இரவு பதினொன்றே முக்கால். ஆற்றை ஒட்டிய சாலை. கையை நீட்டினால் திரும்பி வருமா என்று சந்தேகம் வரும்படியான இருட்டு. அதில் ஒரே ஒரு ஸ்கூட்டர்.

ஓட்டியவன் எங்கள் ஊர் போஸ்ட்மாஸ்டருடைய தங்கை புருஷன். ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதனால் பெயரே பென்சில். சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றிய ஒரு வால்வு. ஆம்ப்ளிஃபயருக்குள் சூடாகிச் சத்தத்தைப் பெருக்கும், கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான். அதில் கரண்ட் பாய்ந்து இரண்டு நாள் ஆயிற்று.

அது சுட்டது... இப்போதுதான் வெந்நீரிலிருந்து எடுத்த முட்டை மாதிரி.

கதை ஒரு பல் டாக்டரிடம் தொடங்குகிறது. ஊரார் அத்தனை பேரையும் வாயைத் திறக்க வைத்தவர். ஆனால் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, அவள் வாயிலிருந்து ஒரு சொல்லை வரவழைக்க அவரால் முடியவில்லை. அவள் மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டுவாள். ஒரு முறை தட்டினால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. மூன்று என்றால், வா... பக்கத்தில் உட்கார்.

அவள் பாட்டுக் கேட்கட்டுமே என்று, வெளிநாட்டிலிருந்து மலிவில் வரும் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் மேல் டாக்டருக்கு ஆசை.

"வாங்கலாமா பென்சில்? நம்பலாமா இதை?"

"பெட்டியப் பாத்தா மாப்பிள்ளைக் களை, டாக்டர். உள்ள இருக்கிற வால்வுக்குத்தான் எவனும் பொண்ணு குடுக்க மாட்டான். வாங்குங்க. வால்வைப் பின்னாடி மாத்திக்கலாம்."

வாங்கினார். பாட்டு வந்தது பாருங்கள்... சுவரில் இருந்த பல்லி வாயில் பிடித்த பூச்சியை விட்டுவிட்டுக் கேட்டதாம்! ஆனால் வால்வு ஒன்றில் கோளாறு. பக்கத்தில் எது அதிர்ந்தாலும் அதற்குக் காது கேட்கும். அவள் கம்பியில் தட்டினால் ஸ்பீக்கரிலும் 'டிங்'. அதைக் கேட்டு அவளுடைய பாதி முகம் சிரிக்கும். டாக்டர் முழு முகத்தால் சிரிப்பார்.

அவள் போய்விட்டாள். கட்டிலையும் யாருக்கோ கொடுத்தாயிற்று.

கட்டிலைக் கொடுத்த அன்று சாயங்காலம் பாட்டுக்கு நடுவே... 'டிங்'. ஒரே ஒரு முறை.

டாக்டர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்தார். காலையில் டம்ளரில் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் தினமும் அதே கதை.

பிறகு ஸ்பீக்கரில் வண்டு முரல்வது போல ஒரு இரைச்சல் வர, பென்சில் வந்தான். டாக்டர் குளித்துக்கொண்டிருந்தார். காதிலிருந்த பென்சிலால் ஒவ்வொரு வால்வாகத் தட்டினான். ஒன்று மட்டும் கணகணவென்றது. சொத்தைப் பல்லைப் பார்த்த பல் வைத்தியரும் கெட்ட வால்வைப் பார்த்த மெக்கானிக்கும் சும்மா இருப்பார்களா? பிடுங்கினான். தன் கையிருப்பில் இருந்த நல்ல வால்வைச் செருகினான். ஒரு பைசா வாங்காமல் போய்விட்டான், நல்லவன்.

மூன்றாம் நாள் ராத்திரி போன்.

"பென்சில்... அதை எடுத்தியா?"

"சொத்தை, டாக்டர். இனிமே ஒரு சத்தம் வராது பாருங்க."

"வரலடா. அவ தண்ணியே கேக்கல." குரல் உடைந்தது. எல்லாவற்றையும் சொன்னார். "தூக்கி எறிஞ்சிட்டியா?"

எறியவில்லை. பழைய சாமான் டப்பாவில் கிடந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தான்.

பாலத்து முனையில் ஒரு பள்ளம். வண்டி எகிறி விழுந்தது. பைக்குள் 'சிட்' என்று ஒரு சின்னச் சத்தம். சூடு போயிற்று. நெஞ்சில் ஐஸ் வைத்தாற்போல இருந்தது.

டாக்டர் வாசலிலேயே நின்றார், கையில் நிறைந்த டம்ளருடன். பென்சில் கைக்குட்டையைப் பிரித்தான். வால்வின் உச்சியில் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு... சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முடி மாதிரி ஒரு விரிசல். உள்ளே காற்று புகுந்தால் அப்படித்தான் வெளுக்கும். வெளுத்தால் உயிர் போயிற்று என்று அர்த்தம். இருந்தாலும் செருகிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான்.

ஒன்றுமில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டம்ளரை நீட்டினார்.

"இவ்வளவு தூரம் வந்திருக்க. குடி."

குடித்தான்.

மறுநாள் அவனுடைய ரிப்பேர் கடையில், விலை உயர்ந்த ஒரு ஆம்ப்ளிஃபயர். குறை சொல்ல முடியாத வால்வுகள். அதில்... 'டிங்'. வயரைப் பிடுங்கினான். மறுபடியும் 'டிங்'.

போன் செய்தான். டாக்டர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். ஸ்பீக்கர் துணியில் காதை வைத்து உட்கார்ந்தார். கடை மூடும்வரை ஒரு சத்தமில்லை. எழுந்து தெருவைத் தாண்டினார்... 'டிங்'.

தினமும் இப்படித்தான். அவர் இருந்தால் தட்டாது. அவர் தலை மறைந்தால் தட்டும்.

"எம்மேல கோவமாடா அவளுக்கு?"

"அப்படியெல்லாம் இருக்காது, டாக்டர்."

வேறு என்ன சொல்வான்? தினமும் அவனே தண்ணீர் வைத்தான். காலையில் டம்ளர் காலி. டாக்டர் துரும்பாய் இளைத்தார்; சட்டைதான் நடந்து வருகிறது என்று தெருவே சொன்னது.

ஒரு மழை நாள். டாக்டர் எழுந்து போனார். 'டிங்'. பென்சில் டம்ளரை எடுத்தான்.

'டிங்'.

இவளைப் புரட்டிப் படுக்க வைக்க நான் எங்கே போவேன் என்று நினைத்தான்.

'டிங்'.

மூன்று. கடையில் அவன் மட்டும்தான் இருந்தான்.

மறுநாள் டாக்டர் வந்தபோது ஷட்டர் பாதி ஏறியிருந்தது. ஸ்கூட்டர் வாசலில். டம்ளரில் தண்ணீர் தளும்பத் தளும்ப... யாரும் தொடவில்லை. ஆளைக் காணோம்; மேசைமேல் அவன் காதில் செருகும் பென்சில் மட்டும் கிடந்தது. டாக்டர் அதை எடுத்து அந்த ஆம்ப்ளிஃபயரின் வால்வைத் தட்டினார். ஒரு முறை. இன்னொரு முறை. மறுபடியும்.

பதில் இல்லை. விளக்கைப் போட்டார். கடையில் இருந்த அத்தனை வால்வும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன... அட்டைப் பெட்டிக்குள் இருந்த, பிரிக்காத புது வால்வுகள்கூட.