தானா ஊறுற வண்டி

– சார், கையை எடுங்க! தொட்டா தோல் அந்த பிரேக் தகட்டுலயே ஒட்டிக்கும்.

– தொடலை மாஸ்டர், சும்மா கிட்ட வச்சுப் பாத்தேன். சுருக்கமா சொல்றேன். எங்க வீடு மலை உச்சியில. காலையில எட்டரைக்குக் கிளம்புவேன். மொத வளைவுல ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது வளைவுல ஒரு டீக்கடை இருக்கு, அந்தக் கடைக்காரர் என்ன பண்ணுவார்னா...

– சுருக்கமா, சார்.

– பிரேக் கருகுது.

– பாவம் தம்பி, அவருக்கு விவரமா சொல்லித்தான் பழக்கம். மூணு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.

– இவங்க என் மாமியார், மாஸ்டர். பெத்த தாய் மாதிரி. இவங்க வீட்ல நாலு மாசம் இருந்துட்டுப் போறோம்னு வந்தோம், மூணு வருஷம் ஆச்சு. ஒரு நாள் முகம் சுளிச்சது கிடையாது! இன்னிக்குக்கூட மனசு கேக்காம வண்டியில கூடவே வந்துட்டாங்க.

– என்னன்னு தெரிஞ்சுக்கணும்ல மாப்பிள்ளை.

– ஜாக்கி வச்சுத் தூக்கிப் பாத்துட்டேன். நாலு சக்கரமும் பம்பரமாச் சுத்துது. பிரேக் எங்கயும் பிடிச்சுக்கிட்டு நிக்கலை. ஆயில் சரியா இருக்கு. பிரேக் பேடு மட்டும் வெந்துபோய் கண்ணாடியாட்டம் வழவழன்னு ஆயிடுச்சு. எப்போலேருந்து இப்படி?

– மூணு மாசமா. எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்க மாஸ்டர். இல்லைன்னா மாசக் கடைசியில நாங்க வீடு மாறியே ஆகணும். "இந்தக் கருகல் நாத்தத்துல இனி மலை இறங்க மாட்டேன்"னு என் சம்சாரம் பஸ்ல போறா. கீழ ஆபீஸ் பக்கத்துலயே ஒரு வீடும் பாத்து வச்சிட்டா. நாங்க போயிட்டா அத்தை எப்படித் தாங்குவாங்க?

– தாங்கிக்கறேன் மாப்பிள்ளை. வேற என்ன பண்றது? தம்பி, முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. மனசைத் தேத்திக்கறோம்.

– பொறுங்கம்மா, பாப்போம். சார், மூணு மாசத்துக்கு முன்னாடி ஏதாவது மாத்தினீங்களா?

– வண்டியிலயா? ஒண்ணும் இல்லையே. வீட்லதான் ஒரு சின்ன மாற்றம். அத்தையோட தையல் மிஷினை மாடிப்படிக்கு அடியில தள்ளிட்டு, அவங்க ரூம்ல என் சைக்கிளைப் போட்டேன். அந்த ஓடாத சைக்கிள், உடம்புக்கு மிதிக்கிறது. அஞ்சு மணிக்குப் பாட்டைப் போட்டுட்டு மிதிக்க ஆரம்பிச்சா அத்தையும் டக்குனு எழுந்திரிச்சிடுவாங்க. நல்ல பழக்கம்!

– அதுக்கும் பிரேக்குக்கும் என்ன சார் சம்பந்தம்?

– ஒரு சம்பந்தமும் இல்ல தம்பி.

– சரி, கரன்ட் வண்டியாச்சே, கிளம்பும்போது சார்ஜ் எவ்வளவு இருக்கும்?

– நூறு.

– நூறா? மலை மேல இருக்கறவங்க நூறு ஏத்தவே கூடாதுன்னு ஷோரூம்ல சொல்லலையா?

– சொன்னாங்களே! அத்தையும் பக்கத்துல நின்னு கேட்டாங்க. ராத்திரி எழுபது வந்ததும் நானே வயரைக் கழட்டிடுவேன்.

– அப்புறம் நூறு எப்படி?

– காலையில பாத்தா நூறு இருக்கும். நல்ல வண்டில்ல மாஸ்டர், தானா ஊறும்னு நினைச்சேன்.

– ஊறுறதுக்கு இது என்ன கிணறா சார்?

– வேற எப்படி ஏறும்?

– நான்தான் தம்பி. அஞ்சு மணிக்கு இவர் பாட்டு போட்டதும் எழுந்து போய், திரும்பச் செருகி விடுவேன். பாவம், வாயில்லா வண்டி. முக்கால் வயித்தோட எப்படி அனுப்புறது?

– அத்தை! கேட்டீங்களா மாஸ்டர்? எனக்கும் இப்படித்தான், போதும் போதும்னாலும் தட்டுல வைப்பாங்க. ஐயோ, என் கைக்குட்டை எங்க?

– அழுவுறதை அப்புறம் வச்சுக்கலாம் சார். அம்மா, கேட்டுக்கங்க. இந்த வண்டியில ஆக்சிலரேட்டரை மிதிக்கிற காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும். இறக்கத்துல பாதி வேலை அதுதான் பாக்கும். அப்படிப் பிடிக்கும்போது உண்டாகுற கரன்ட் பேட்டரிக்குப் போகணும். பேட்டரி தளும்பத் தளும்ப நிறைஞ்சிருந்தா எங்க போகும்? மோட்டார் கையை விரிச்சிடும். மொத்தப் பாரமும் பிரேக் தலையில விழும். அதான் கருகுது.

– அப்படியா! எனக்கு எங்க தம்பி இதெல்லாம் புரியுது?

– இப்படியே விட்டா ஒரு நாள் பிரேக்கே பிடிக்காமப் போயிடும்மா.

– ஐயையோ! சேச்சே, அந்த அளவுக்கெல்லாம் வேணாம்!

– என்னது அத்தை?

– அந்த அளவுக்கு நாள் கடத்த வேணாம்னேன் மாப்பிள்ளை.

– கவலையே வேண்டாம். பேடு நாலு பக்கமும் புதுசு போட்டுடறேன். அப்புறம் வண்டியோட திரையில எழுபதுன்னு வச்சிட்டேன், பாருங்க, இந்தப் பட்டையை விரலால தள்ளினாப் போதும். இனிமே எழுபதோட அதுவா நின்னுக்கும்.

– நான் செருகினாலும் ஏறாதா?

– ஏறாதும்மா.

– ஒரு துளிகூட?

– ஒரு துளிகூட ஏறாது. மலையிலேருந்து பத்து தடவை இறங்கினாலும் நாத்தம் வராது.

– மாஸ்டர், நீங்க தெய்வம்! எங்க குடும்பத்தையே பிரியாமக் காப்பாத்திட்டீங்க. அத்தை, இனிமே நாங்க எங்கயும் போகமாட்டோம்! பத்து வருஷம், இருபது வருஷம், உங்க கூடத்தான்! ஏன் அத்தை, தலையில கையை வச்சுட்டீங்க?

– சந்தோஷம் தலைக்கு ஏறிடுச்சு மாப்பிள்ளை.

– பாத்தீங்களா? இப்பவே அவளுக்குப் போன் போட்டு, அந்த வீடு வேண்டாம்னு சொல்லிடறேன். உள்ள சிக்னல் இல்ல, வாசலுக்குப் போறேன்.

– தம்பி, போயிட்டாரா?

– வாசல்ல நிக்கிறார்மா. "சுருக்கமா சொல்றேன்"னு ஆரம்பிச்சிருக்கார்.

– அப்போ நேரம் இருக்கு. தம்பி, புகையெல்லாம் வேணாம், பாவம். மாசக் கடைசி வரைக்கும் நாத்தம் மட்டும் வரணும்னா, அந்தப் பட்டையை எத்தனையில வைக்கணும்?