சும்மா கிடக்கிற சாப்ட்வேர்

"…எம். புதுப்பட்டி வெடிக் கம்பெனியில வேலையில்லாம ஒருத்தன் ரூமுக்குள்ள நின்னா விடுவாகளா? கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான் தாயி. சும்மா கிடக்கிற சாப்ட்வேரை எல்லாம் கடைக்காரர்ட்ட சொல்லி அழிச்சுப்புடணும்."

விருதுநகர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்தார் சிவகாசி அச்சக முதலாளி. மடியில் ஒரு குழந்தையைப்போலக் கம்ப்யூட்டர் பெட்டி; வேகம் குறைந்துபோனதால் ரிப்பேர் கடைக்குப் போகிறது. பக்கத்தில் அவரிடம் டிசைன் போடும் பெண்.

"கொளுத்தாத வெடி வெடிக்குமா அண்ணாச்சி? தொறக்காத சாப்ட்வேர் இடத்தைத்தான் அடைக்கும், வேகத்தைக் குறைக்காது. சுவிட்சைப் போட்டதும் தானா எந்திரிச்சு ஓடுது பாருங்க, அதுதான் குறைக்கும்."

"அது எது?"

"நீங்க ஏத்திவச்ச பஞ்சாங்கம். அதை மட்டும் நிப்பாட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள மத்தாப்பு லேபிள் குடுக்கலேன்னா ஆர்டர் வேற அச்சகத்துக்குப் போயிரும்."

"பஞ்சாங்கத்தையா? நேரம் பாக்காம நான் எந்தக் காரியத்தைத் தொட்டிருக்கேன்?"

"அப்ப மத்ததை எல்லாம் அழிச்சாலும் ஊர்ந்துக்கிட்டுத்தான் கிடக்கும்."

பஸ் ஸ்டாண்ட் வந்தது. அவரைத் தவிர எல்லோரும் இறங்கினோம். அந்தப் பெண் கீழே நின்று, "அண்ணாச்சி, கடை பக்கத்துலதான், வாங்க!" என்று கூப்பிட்டாள்.

அவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். "ராகுகாலம் முடியட்டும் தாயி" என்றவர், பெட்டியை அணைத்துக்கொண்டு, காலி பஸ்ஸில் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.